மைனஸ் 5 டிகிரியிலும் ஸ்னோமொபைல் 'ஹீட்' ஆவது ஏன்? விருத்தாசலம் சூளையில் இருக்கிறது பதில்

“மச்சி, இங்க மைனஸ் அஞ்சு டிகிரி. ஆனா வண்டி ஓவர்ஹீட்டாம்! அண்ணன் மண்வெட்டியால பனியை அள்ளி வண்டி மேல போட்டுட்டு இருக்காரு, பாரு.”

காஷ்மீரின் குல்மார்க்குக்கு டூர் போயிருந்த நண்பன், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ இது. சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று பனி. நடுவில் புகை விட்டபடி ஒரு ஸ்னோமொபைல். ஓட்டுநர் நிதானமாகப் பனியை அள்ளிக் கொட்டுகிறார். பின்சீட்டில் இருந்து இறங்கிய நம்ம ஆள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான்.

நண்பனுக்குச் சொந்த ஊர் கடலூர் மாவட்டம் விருத்தாசலம். அவன் அப்பா அங்கே பீங்கான் சூளையில் பல வருடம் வேலை பார்த்தவர். குடும்ப குரூப்பில் எல்லாரும் சிரிப்பு எமோஜி போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: “இதுல என்னப்பா ஆச்சரியம்? சூடு வெளிய போக வழி இல்லன்னா, எங்க இருந்தாலும் சூடுதான்.”

ஸ்னோமொபைல் பார்த்தே இராத ஒருவர் சொன்ன இந்த ஒரு வரிதான் முழு விஷயமும். எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், ஸ்னோமொபைல் என்றால் என்ன?

முன்னால் இரண்டு ஸ்கீ பலகைகள், பின்னால் டாங்கியில் இருப்பதுபோல் சுற்றும் ஒரு ரப்பர் பட்டை. நடுவில் எஞ்சின். பனியில் ஓட்டும் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1930-களில் பனியில் ஓடும் பெரிய வாகனங்களை உருவாக்கினார். அவருடைய நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த 'ஸ்கி-டூ' என்ற சின்ன வண்டிதான் இன்றைய ஸ்னோமொபைல்களுக்கு முன்னோடி.

நம் நாட்டில் குல்மார்க், மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இவை ஓடுகின்றன. சியாச்சின் போன்ற பனிமலைகளில் ராணுவமும் பயன்படுத்துகிறது.

சுற்றிலும் பனி இருக்கும்போது தனியாக எதற்கு கூலிங்?

எந்தப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொண்டாலும், எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி முழுக்க வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். இன்னொரு பகுதி எஞ்சின் உடம்பிலேயே தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிவடைந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் 'எஞ்சின் சீஸ்'.

காரில் இந்த வேலையைச் செய்வது ரேடியேட்டர். கூலன்ட் என்ற திரவம் எஞ்சினுக்குள் சுற்றி வெப்பத்தை வாங்கிக்கொண்டு வரும். ரேடியேட்டரில் படும் காற்று அதைத் தணிக்கும்.

பல ஸ்னோமொபைல்களிலும் கூலன்ட் உண்டு. ஆனால் காற்றைப் பார்த்தபடி முன்னால் நிற்கும் ரேடியேட்டர் இருக்காது. அதற்குப் பதிலாக, சீட்டுக்கு அடியில், ரப்பர் பட்டை சுற்றும் குகை போன்ற பகுதியின் கூரையில் அலுமினியக் குழாய்கள் பதித்திருப்பார்கள். இவைதான் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்'. வண்டி ஓடும்போது பட்டை பனியை வாரி மேலே அடிக்கும். அந்தப் பனித்தூள் சூடான குழாயில் பட்டு உருகும். உருகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீராகக் கீழே சொட்டும்.

அதாவது, ஓடுகிற பாதையில் இருக்கும் பனிதான் இந்த வண்டிக்கு ரேடியேட்டர் காற்று.

பனிக்கு அப்படி என்ன சக்தி?

இங்கே கொஞ்சம் ஸ்கூல் பிசிக்ஸ். ஒரு கிலோ பனி உருகுவதற்கு மட்டும் சுமார் 334 கிலோ ஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தைக் கொடுத்தால் ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பத்தையும் விழுங்கிவிட்டு, பனி 0 டிகிரி தண்ணீராக மட்டுமே மாறியிருக்கும்.

இதே வேலையைக் காற்று செய்ய வேண்டும் என்றால்? ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி சூடேற சுமார் ஒரு கிலோ ஜூல்தான் வாங்கும். ஒரு கிலோ பனி உருகும்போது எடுக்கிற வெப்பத்தை எடுக்க, 10-க்கு 10 அறை ஒன்றை நிரப்பும் காற்று முழுவதும் சுமார் 10 முதல் 12 டிகிரி வரை சூடேற வேண்டியிருக்கும். காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் இதே கணக்குதான்.

ஒரு உதாரணம். ஒரு வண்டி நொடிக்கு 20 கிலோ ஜூல் வெப்பத்தை கூலன்ட்டுக்குள் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமாளிக்க நிமிடத்துக்கு மூன்றரை கிலோ பனி குழாயில் பட்டு உருகினால் போதும். அந்த மூன்றரை கிலோ பனி குழாய் வரை வந்து சேர்கிறதா என்பதில்தான் பிரச்னை.

இறுகிய பாதையில் என்ன நடக்கிறது?

புதுப் பனி மாவு மாதிரி இருக்கும். பட்டை பட்டதும் பறக்கும். ஆனால் ஒரே பாதையில் நாள் முழுக்க வண்டிகள் போய்வந்தால் பனி அழுந்தி இறுகிவிடும். பகலில் வெயில் பட்டு மேல்பகுதி லேசாக உருகும், இரவில் மறுபடி உறையும். சில நாள்களில் பாதை சிமென்ட் தரை போல ஆகிவிடும்.

அந்தத் தரையில் பட்டை ஓடும். ஆனால் பனியை வாரி எடுக்க முடியாது. குழாய்கள் காய்ந்துபோய்க் கிடக்கும். அவை வண்டிக்கு அடியில் மறைவாக இருப்பதால் எதிர்க்காற்றும் சரியாகப் படாது. கூலன்ட் சூடாகப் போய், சூடாகவே திரும்பி வரும்.

சுற்றிலும் டன் கணக்கில் பனி இருக்கிறது. வண்டிக்குத்தான் ஒரு கைப்பிடிகூடக் கிடைக்கவில்லை. நண்பனின் அப்பா சொன்ன “வெளிய போக வழி இல்லன்னா” என்பது இதுதான்.

பனி குறையக் குறைய இந்தச் சிக்கல் அதிகமாகும். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்த படங்களை நாம் பார்த்தோம். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பனி மெலிசாக இருக்கும் வருடத்தில், இருக்கிற கொஞ்சம் பாதையில்தான் எல்லா வண்டியும் ஓடியாக வேண்டும். அது இன்னும் சீக்கிரம் இறுகும்.

எஞ்சின் மட்டும்தான் சூடாகுமா?

இல்லை. ரப்பர் பட்டை இரண்டு தண்டவாளம் போன்ற கம்பிகளின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. அந்தக் கம்பிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டிகள் இருக்கும். இவற்றுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. பறக்கிற பனியும் உருகின தண்ணீரும்தான் மசகு. பனி வராவிட்டால் உராய்வில் பிளாஸ்டிக் இளகித் தேயும்.

இன்னொரு விஷயம். எல்லா ஸ்னோமொபைலும் கூலன்ட் வண்டி அல்ல. சிலவற்றில் ஃபேன் வைத்துக் காற்றிலேயே எஞ்சினைக் குளிர்விப்பார்கள். சில கனரக மாடல்களில் ரேடியேட்டரும் ஃபேனும் கூடுதலாக இருக்கும். இறுகிய பாதையில் இவற்றின் எஞ்சின் தாக்குப்பிடிக்கும். ஆனால் பிளாஸ்டிக் பட்டிக்கு இவற்றிலும் பனி வேண்டும்.

சூடாகாமல் தடுப்பது எப்படி?

வழிகள் எல்லாமே ஒரே நோக்கம் கொண்டவை: பனியைக் குழாய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கீறும் கம்பிகள்: 'ஐஸ் ஸ்க்ராட்சர்' என்று பெயர். வண்டியின் இரு பக்கமும் ஸ்பிரிங் போன்ற கம்பியைத் தொங்கவிடுவார்கள். அதன் நுனி இறுகிய பனியைக் கீறிக்கொண்டே வரும். கிளம்பும் பனித்தூளைப் பட்டை வாரிக் குழாய்க்கு அனுப்பும். புதுப் பனி வந்ததும் கம்பியை மேலே மாட்டிவிடலாம். சில மாடல் கம்பிகளை இறக்கியபடியே ரிவர்ஸ் எடுத்தால் வளைந்துவிடும், கவனம் தேவை.

ஓரம் போவது: பாதையின் நடுப்பகுதிதான் அதிகம் இறுகும். ஓரங்களில் உதிரிப்பனி ஒதுங்கியிருக்கும். பாதுகாப்பான இடமாக இருந்தால் அவ்வப்போது அதில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே வெப்பம் சட்டென்று இறங்கும்.

சும்மா நின்று உறுமாமல் இருப்பது: வண்டி நிற்கும்போது பட்டை சுற்றாது, பனி பறக்காது, எஞ்சின் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். செல்ஃபி எடுக்க நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

கூலன்ட் அளவு: கிளம்பும் முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால், மைனஸ் 35 டிகிரிக்குக் கீழேதான் அது உறையத் தொடங்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் இரவில் உறைந்து, விரிந்து, எஞ்சினையே பிளந்துவிடும். கூலன்ட் மாற்றிய பிறகு குழாய்களில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் வண்டி சூடாகும். அதை முழுதாக வெளியேற்ற வேண்டும்.

மூடி: சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கூலிங் சிஸ்டத்தின் மூடி, நம் வீட்டு குக்கர் வெயிட் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை உயர்த்துகிறது. குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருப்பது இதனால்தான். மலையில் இது இன்னும் முக்கியம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால்?

1. பக்கத்தில் உதிரிப்பனி இருந்தால், மெதுவாக அதில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு அணையலாம்.

2. அணையவில்லையா? பாதையை விட்டு ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். “இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே” என்ற ஆசைதான் எஞ்சினைக் காலி செய்யும்.

3. குழாய்கள் இருக்கும் பகுதியின் மேல் பனியை அள்ளிப் போடலாம். வீடியோவில் அந்த அண்ணன் செய்தது இதைத்தான்.

4. சூடான எஞ்சின் மேல் நேரடியாகப் பனியோ தண்ணீரோ கொட்டக் கூடாது.

5. சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ, அதுதான் நடக்கும். முகத்திலும் கையிலும் கொதிக்கும் திரவம் தெறிக்கும்.

வண்டி வாடகைக்கு எடுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வார்த்தை: ஓட்டுநர் “அஞ்சு நிமிஷம் நிக்கணும்” என்றால் அவசரப்படுத்தாதீர்கள். எஞ்சின் நடுவழியில் பிடித்துக்கொண்டால், இருட்டுகிற நேரத்தில் பனியில் நடந்து வரப்போவது நீங்களும்தான்.

ஏன் நேரடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது? சூளையைக் கேளுங்கள்

விருத்தாசலத்தைக் கோயில் நகரமாகவும் ரயில்வே ஜங்ஷனாகவும் பலருக்குத் தெரியும். பீங்கான் ஊர் என்பது அந்த வட்டாரத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. பொம்மைகள், மின்சார ஃபியூஸ் பீங்கான்கள் என்று இங்கே சூளையிலிருந்து வருபவை பல ஊர்களுக்குப் போகின்றன. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே இங்கு ஒரு கல்லூரியும் உண்டு.

சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்ட பொருளை உடனே வெளியே எடுக்க மாட்டார்கள். நெருப்பை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தியே வைத்து, பொறுமையாக ஆறவிடுவார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு வெளிப்பக்கம் சுருங்கும், உட்பக்கம் விரிந்தபடியே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டு பொருள் விரிசல் விடும். பீங்கான் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், சுமார் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று அளவு மாறும் என்பதால் அந்தக் கட்டத்தில் கூடுதல் கவனம் தேவை.

எஞ்சினின் உலோகம் பீங்கான் அளவுக்கு நொறுங்காது. ஆனாலும் கொதிக்கிற சிலிண்டர் ஹெட்டில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணலாகலாம், விரிசல் விடலாம். சூட்டுக்கு வழி விட வேண்டும், ஆனால் அதிர்ச்சி கொடுக்கக் கூடாது.

பீங்கானுக்கும் எஞ்சினுக்கும் நேரடிச் சொந்தமும் உண்டு. உங்கள் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும். அது அலுமினா என்ற பீங்கான் வகை. எஞ்சினுக்குள் அத்தனை சூட்டையும் மின்சாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்பது அதுதான்.

சரி, பனியே இல்லாத நமக்கு இது எதற்கு?

அதே பிரச்னை உங்கள் பைக்கிலும் இருக்கிறது. பனிக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஓடும் 100, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளில் எதிர்க்காற்று பட்டு வெப்பம் போகும். பைக்கில் ஃபேன் கிடையாது. வண்டி நகர்ந்தால்தான் காற்று.

இப்போது கத்திரி வெயிலில் ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் பஸ். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கிறீர்கள். இறுகிய பாதையில் மாட்டிய ஸ்னோமொபைலின் நிலைமை இதுதான்.

“வெயில்தான் காரணம்” என்று நாம் சொல்வோம். ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். எஞ்சின் தகடு 150 டிகிரி சூட்டில் இருக்கிறது என்றால், 25 டிகிரி காற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் 125. 40 டிகிரி வெயிலில் வித்தியாசம் 110. வெப்பம் வெளியேறும் வேகம் குறைவது சுமார் 12 சதவீதம்தான். ஆனால் காற்றோட்டம் நின்றால் இழப்பு அதைவிடப் பல மடங்கு. வெயிலை நம்மால் குறைக்க முடியாது, காற்றோட்டத்தைச் சரிசெய்ய முடியும்.

* கேட், சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

* எஞ்சின் தகடுகளுக்கு இடையே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அப்பியிருந்தால் சுத்தம் செய்யுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு.

* கிராஷ் கார்டில் பை மாட்டுவது, பேனர் துணி கட்டுவது எல்லாம் எஞ்சினுக்குப் போகும் காற்றை மறைக்கும்.

* எஞ்சின் ஆயில், வழுக்க மட்டும் அல்ல, சூட்டைச் சுமந்து செல்லவும்தான். அளவு குறைந்தால் சூடு கூடும்.

* ஸ்கூட்டரில் எஞ்சின் மறைந்திருப்பதால், உள்ளே ஒரு ஃபேன் காற்றை இழுத்துத் தரும். அந்தக் காற்று நுழையும் வழி அடைபட்டிருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

* ரேடியேட்டர் இருக்கும் பைக், கார் என்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட விஷம். குழந்தைகள், நாய்களுக்கு எட்டாமல் வையுங்கள்.

அறுவடை நேரத்தில் டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வைக்கோல் தூசி ரேடியேட்டர் வலையை அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் ஊசி சிவப்புக்குப் போய்விடும். இயந்திரத்தை நிறுத்தி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துத் தூசியை எடுப்பார்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய்ச் சிக்கும்.

வேலைக்கு பைக்கை நம்பி இருப்பவருக்கு, டெலிவரி பார்ட்னரோ, மார்க்கெட்டிங் ஊழியரோ, எஞ்சின் சீஸ் ஆனால் ரீபோர் செலவோடு வண்டி வரும்வரை வருமானமும் போகும். அதற்கு முன்னால் ஒரு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது பெரிய வேலை இல்லை.

வீடியோவின் மிச்சம்

குல்மார்க் வண்டி பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டதாம். அந்த ஓட்டுநர் முதலில் பனியை அள்ளிப் போட்டார், பிறகு பக்கவாட்டில் மாட்டியிருந்த கம்பிகளை இறக்கிவிட்டார், அப்புறம் பாதை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார் என்று நண்பன் சொன்னான். அப்போது எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறான். கேட் போட்டிருந்தது. வழக்கம்போல எஞ்சினை உறுமவிட்டு நின்றவன், நினைவு வந்து சாவியைத் திருப்பினானாம். “அப்பா கிட்ட மட்டும் சொல்லிடாத மச்சி, ‘நான் பத்து வருஷமா இதைத்தான்டா சொல்றேன்’னு ஆரம்பிச்சிடுவாரு” என்று முடித்தான்.